தபசு மரமும் கொரோனா முழங்காலும்

கொரோனாவால் நின்றுபோயிருந்த பாரதத் திருவிழா, காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் மறுபடி தொடங்கிய வருடம் அது. நான் தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவன். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய நாள், சிவனிடம் பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் தவம் செய்யும் அர்ச்சுனன் தபசுதான். பட்டப்பகலில் ஊரே கூடி நிற்க, பனை உயரத்துக்கு நட்ட தபசு மரத்தில் படிக்கு ஒரு பாட்டு பாடிக்கொண்டே ஏறி, உச்சிப் பரணில் நின்று எலுமிச்சம்பழம் வீச வேண்டும். அந்தப் பழம் மடியில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி, ஈரப்புடவையோடு பெண்கள் மரத்தடியில் காத்திருப்பார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கொரோனா என்னைப் புரட்டிப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த காய்ச்சல் நாட்களில் அடித்துத் துவைத்த மாதிரி உடம்பு வலி. அதுவாவது போகட்டும், வீடு திரும்பிய பிறகுதான் வேடிக்கையே! குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாது. காலையில் விரல் மடங்காது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். "அர்ச்சுனருக்கு நான் தலை சீவி வுடட்டுங்களா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள், சீவியும் விடுவாள்.

படுத்தே கிடந்ததில் தசை வற்றிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும் என்று சொல்லி, தருமபுரி ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா பயிற்சி கற்றுக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒருநாள் முற்றத்தில் ஆடிப் பார்த்தால், அடவு வந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவன்தான் மரம் ஏற வேண்டும், வேறு யாரும் ஏறக்கூடாது. தரையில் ஆடுவது வேறு, மரம் ஏறுவது வேறு என்பது பாதி மரத்தில்தான் எனக்கு உறைத்தது.

தொடை படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்கால் மடங்க மறுத்தது. விழுந்தால் கதை முடிந்தது. இறங்கினாலோ தபசு கெட்டுப்போகும், கீழே மடியேந்தி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெறும் மடியோடு போக வேண்டியதுதான்.

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாடி முடித்த பாட்டையே மறுபடி எடுத்தேன். காலுக்கு ஓய்வு கொடுக்க வேறு வழி? கீழேயிருந்த மத்தளக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பல வருடமாக என் கூடவே வாசிப்பவர், ஆள் புரிந்துகொண்டார். பின்பாட்டுக்காரர்களுக்கு ஜாடை காட்டி, கடைசி அடியை இழு இழு என்று இழுக்க வைத்தார். நடுவில் மத்தளத்தில் தனியாக வெளுத்து வேறு வாங்கினார்!

"மெதுவா வாங்க சாமி, சிவன் எங்கியும் போயிட மாட்டாரு!" என்று அவர் குரல் கொடுக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஒவ்வொரு படிக்கும் இப்படியே. ஊருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இந்த வருசம் அர்ச்சுனரு எப்பிடி உருகிப் பாடறாரு பாருடா!" என்று யாரோ கத்தியது மேலே வரை கேட்டது. உருகியது உண்மைதான். பக்தியிலா பயத்திலா என்பது அந்தச் சிவனுக்கே வெளிச்சம்.

பரணில் கால் வைத்தேன். எழுந்த கூச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏறிவிட்டேனய்யா!

அடுத்தது எலுமிச்சை. வழக்கமாகக் கையை ஓங்கி வெகு தூரம் வீசுவேன், இளவட்டங்கள் எகிறி எகிறிப் பிடிப்பார்கள். அன்று தோள் எழும்பவே இல்லை. இடுப்புக்கு நேராகக் கையை வைத்து உதிர்க்கத்தான் முடிந்தது. பழங்கள் பொலபொலவென்று நேரே மரத்தடியில், மடியேந்தியிருந்த பெண்கள் நடுவில் விழுந்தன. தூரத்தில் கையை நீட்டி நின்ற இளவட்டங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

இறங்கியதும் ஒரு பெண் பழத்தை நெஞ்சோடு பிடித்தபடி ஓடி வந்தார். "வருசா வருசம் வந்து ஏந்தறனுங்க. ஒண்ணு எம் மடில வுழுந்தது இன்னைக்குத்தானுங்க" என்று சொல்லி, சிரிப்பும் அழுகையுமாக நின்றார்.

இன்று என் தோள் நன்றாகவே தூக்குகிறது, முன்புபோல எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வீசலாம். ஆனாலும் பரணில் ஏறியதும் மரத்தடியைப் பார்த்துத்தான் பழத்தை உதிர்க்கிறேன். தூக்க முடியாத அந்தக் கைதான், பழம் போய்ச் சேர வேண்டிய இடத்தை எனக்குக் காட்டியது என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு சிலிர்த்துப் போகிறது.