தம்பிக்குக் காலேஜ் பார்க்கப் போனோம்

தம்பி மதுரையில் இண்டர்மீடியட் தேறி வந்த கோடையில் நான் நிம்மதியாகத் தூங்கியதாக நினைவில்லை. மேலே படித்தால் விவசாயம்தான் படிப்பேன் என்று அவன் நின்றான். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊரில் படிப்பது, எங்கள் கைக்கு எட்டுகிற இடம் எது, அங்கே ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்களா என்றெல்லாம் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் மூன்றாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குத் தெற்கே. விசாரிக்க வேண்டுமென்றால் தேனிக்கோ போடிக்கோதான் போகவேண்டும். தேனியில் ஒரு பஞ்சு வியாபாரிக்கு நாலு ஊர் பழக்கம் உண்டு. அவர் கடை வாசலில் நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, குறைந்ததும் கேட்காமலே திரும்பி வந்த நாளும் உண்டு. கடைசியில் அவராகவே கூப்பிட்டு, தெலுங்கு தேசத்தில் புதிதாக ஒரு காலேஜ் திறந்திருக்கிறார்கள், இடம் சுலபமாகக் கிடைக்கும் என்றார். புதுசு என்பதால் நிலம், கட்டிடம் எல்லாம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்காரர், வடக்கே பாதிரிமார் நடத்தும் காலேஜைப் பற்றிச் சொன்னார்.

"படிப்பு நல்ல படிப்புதான். ஆனா சம்பளம் கட்டணும்னா எந் தோட்டத்தையும் சேத்து விக்கணும். எனக்குச் சம்மதமில்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஞ்சியது கோயம்புத்தூரில் இருந்த சர்க்கார் காலேஜ். படிப்புச் சம்பளம் குறைவு, ஹாஸ்டல் உண்டு, பேரும் நல்ல பேர். ஆனால் எடுக்கிற பிள்ளைகள் கொஞ்சம். தம்பி மனுப் போட்டான். கார்டியனையும் அழைத்துக்கொண்டு நேரில் வரும்படி பதில் வந்தது.

மாமாவும் வருவதாகச் சொன்னார். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. என் மனைவியின் அப்பாவும் அவர்தான். அவருடைய மாடுகள்தான் எங்கள் வயலையும் உழுதன. தம்பியின் படிப்புக்கு ஆகிற செலவில் பாதியைத் தான் தருவதாக அவரே சொல்லியிருந்தார். அதனால் இடம் அவருக்கும் பிடிக்க வேண்டும்.

"பொண்ணு குடுக்கப் போற வீட்டப் பாக்குற மாதிரி பாக்கணும் மாப்ள" என்றார். "அவுக சொல்றதக் கேக்கப்படாது. நாம பாக்கணும்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் நேரே வாசலுக்குப் போகமாட்டார்கள். முதலில் வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போய், எருக்குழி நிறைந்திருக்கிறதா, வைக்கோல் படப்பு என்ன உயரம், மாட்டுக்கு விலா தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்கள். மாமா இதில் பேர் போனவர். அவர் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் எங்கள் தெருவில் யாரும் பெண் கொடுத்ததில்லை.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில்தான் ஓடின. போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பப் போடவில்லை. கரி பஸ்ஸில் திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் நாங்கள் பலமுறை இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. அங்கே ரயிலேறி, பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூரில் இறங்கியபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

தம்பியைக் காலேஜ் வராந்தாவில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு, மாமா என்னை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். ஒரு காளையின் முதுகில் கையை வைத்து அழுத்தினார்.

"தீனி போடுறாக" என்றார். "சாணி கெடந்த எடத்தக் கழுவி விட்டிருக்காக. நம்ம வீட்டுல கூட இந்தச் சுத்தம் கெடையாது. எனக்குச் சம்மதம் மாப்ள."

அங்கேயே திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வயலையும் பார்க்கவேண்டும் என்றார்.

வரிசையாகக் கேழ்வரகுப் பாத்திகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு தகரப் பலகை. சில பாத்திகளில் பயிர் என் இடுப்பு உயரம், கதிர் விரல் விரலாக மடங்கித் தொங்கியது. அவற்றுக்கு நடுவில் ஒரு பாத்தி மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. பழுத்த தாள், சுண்டுவிரல் நுனிபோலச் சின்னக் கதிர். மாமா வரப்பில் குந்தி அந்த மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வெறும் எண்தான் இருந்தது.

"ஒரே தண்ணி, ஒரே மண்ணு" என்றார். "பக்கத்துல வெளையுது. இங்கன ஏன் வெளையல? கவனிப்பு இல்ல. இம்புட்டு ஆள் வச்சுக்கிட்டு ஒரு பாத்தியக் கவனிக்க முடியாதவுக நம்ம பயலுக்கு என்னத்தக் கத்துக்குடுக்கப் போறாக?"

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். தம்பியிடம் இங்கிலீஷில் கேட்டார்கள். அவன் நன்றாகவே பதில் சொன்னான் என்று அவர்கள் முகத்திலிருந்து தெரிந்தது. பிறகு நடுவில் இருந்தவர் எங்கள் பக்கம் திரும்பி, ஏதாவது கேட்க வேண்டுமா என்று தமிழில் கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா" என்றார் மாமா. "ஒங்க கேப்பையில ஒரு பாத்தி சோகை புடிச்சுக் கெடக்கே, ஏன்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பெரியவரே, அந்தப் பாத்திக்கு நாங்க எருவே போடறதில்லைங்க. பல வருஷமா அப்படித்தான். வேணும்னுதான் விட்டிருக்கோம்."

"வேணும்னேவா?"

"ஆமாங்க. போட்ட நிலம் எப்படி விளையுது, போடாத நிலம் எப்படி விளையுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே தெரியும்? வருஷா வருஷம் விளைச்சலை நிறுத்து எழுதி வைக்கிறோம்."

இதைக் கேட்டு மாமா சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கவனிப்பில்லை என்றால்கூட அவர் மன்னித்திருப்பார்.

"ஐயா, எங்க ஊருல ஆகாத மருமகளுக்கு வேணும்னே சோறு போடாம வச்சிருக்குற வீடு ஒண்ணு ரெண்டு உண்டு. ஆனா அவ எம்புட்டு நாள் தாங்குறான்னு அவுக எழுதி வைக்கமாட்டாக."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பையனுக்குக் கார்டியன் யாரு? நீங்களா?" என்று கேட்டார்.

கார்டியன் நான். கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"நீங்க என்ன சொல்றீங்க? சேக்கச் சம்மதமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. மாமா சொன்னது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. மண்ணைப் பட்டினி போடுவதை நானும் என் வயலில் செய்யமாட்டேன். ஆனால் வடக்கே அனுப்ப எங்களுக்கு வழியில்லை. தெலுங்கு தேசத்துக் காலேஜை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இது இல்லையென்றால் தம்பி என்னோடு வந்து மண்வெட்டி பிடிக்கவேண்டியதுதான். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"படிக்கட்டுங்க" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

திரும்பும் வழியில் மாமா என்னோடு பேசவில்லை. பழனி ஸ்டேஷனில் இட்லிப் பொட்டலம் ஒன்று வாங்கித் தம்பி கையில் கொடுத்தார்.

"நீ சாப்புடு சின்ன மாப்ள. ஒங்க அண்ணன் பெரிய மனுசரு. ஆபீசர்க முன்னாடி அவரே தீர்ப்புச் சொல்லிருவாரு. அவருக்கு இட்லி வாங்கிக் குடுக்க நாம யாரு?"

தம்பி பாதியை என் பக்கம் நீட்டினான். பசி இல்லை என்றேன். பசி இருந்தது.

ஊர் வந்ததும் மாமா எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கய்யா வேணாம்னா வேணாந்தான். அது தெரிஞ்சுதானே சொன்னீக?"

"தெரிஞ்சுதான்."

"சரி. பணமும் வராது, மாடும் வராது. ஒழவுக்கு என்ன செய்வீக?"

அதை நான் யோசிக்கவே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

இடம் கிடைத்துத் தம்பி போய்ச் சேர்ந்தான். கிளம்பும் அன்று மாமா வந்து அவனுக்குத் திருநீறு பூசி, வழிச்செலவுக்குக் கையில் ஏதோ திணித்துவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு போனார். படிப்புக்குத் தருவதாகச் சொன்ன பங்கு வரவில்லை. எங்கள் மேட்டுத் தோட்டத்தை ஒத்திக்கு வைத்துச் சம்பளம் கட்டினேன்.

ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். ஊரில் எல்லாரும் நாற்றுப் பாவினார்கள், நாங்களும் பாவினோம். மாடு வைத்திருப்பவன் தன் வயலை முடித்து, தன் அண்ணன் தம்பி வயலை முடித்துவிட்டுத்தான் கூலி ஏருக்கு வருவான். மூன்று வீட்டில் கேட்டேன். மூவரும் வருகிறேன் என்றார்கள். ஒருவரும் எப்போது என்று சொல்லவில்லை. சுற்றிலும் நடவு முடிந்து வயல்கள் பச்சையாகிவிட்டன. பிடுங்கி நட உழுத வயல் இல்லாமல் எங்கள் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தன வருசம் அங்கன படிக்கணும் அவரு?" என்று மனைவி கேட்டாள்.

"மூணு."

அவள் நாற்றங்காலைப் பார்த்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலாவது வீட்டில் கேட்கக் கிளம்பினேன்.