அம்மாவின் ஒற்றைக்கல் மூக்குத்தி

அம்மாவிடம் இருந்த ஒரே வைரம் அவள் மூக்குத்திக் கல்தான். அதைக் கவ்வியிருந்த நான்கு தங்கக் கால்களில் ஒன்று துண்டில் மாட்டி நிமிர்ந்துவிட்டது. அதன்பிறகு ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், போடிமெட்டு வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டே போனாள். கழற்றி வைத்தால் என்ன என்று கேட்டால், மூளி மூக்கோடு மலையேற முடியாதாம்.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து சித்தி வந்தாள். அங்கே ஒரு பட்டறையில் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களுக்கு வைரம் பதிக்கிறாள். "மணி பாக்க வைரம் எதுக்குத்தா?" என்று அப்பா வருடந்தோறும் கேட்பார், சித்தியும் சிரிப்பாள். பூதக்கண்ணாடியில் மூக்குத்தியைப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை.

"ஓரத்துல கீறலு ஓடுதுக்கா. அமுக்குறப்ப தெறிச்சாலும் தெறிச்சுரும். செய்யவா?"

அம்மா வெறும் மூக்கைத் தடவிக்கொண்டாள். பிறகு, "செய்யி. வேற யாரு கைக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

சித்தி என்னைப் பார்த்து, "ஆத்தா, காத்தாடிய அமத்து" என்றாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் வெள்ளை வேட்டி விரித்தோம். அப்பா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். மூக்குத்தியை அரக்கில் பதித்து நிறுத்தி, கால்களை விலக்கிக் கல்லை எடுத்துத் துடைத்தாள். மெழுகு ஒட்டிய குச்சி நுனியால் தொட்டதும் அது எறும்பு தூக்கிய சர்க்கரை போல எழுந்து வந்தது. திரும்ப உள்ளே இறக்கி, மூச்சை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு அமுக்கு, எதிர்ப்பக்கம் ஒரு அமுக்கு. நானும் மூச்சு விடவில்லை. அப்பா வந்த தும்மலை மூக்கோடு பிடித்து அடக்கினார்.

கடைசியில் கல்மேல் பஞ்சைத் தேய்த்தாள். ஓர் இழை மாட்டினாலும் கால் சரியாகப் படியவில்லை என்று அர்த்தமாம். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. மனித விரலால் இப்படியும் முடியுமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

அம்மா மூக்குத்தியை மாட்டி, சுவர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் சித்தி எழுந்து சேலைக் கொசுவத்தை உதறியிருந்தாள். கொண்டையை அவிழ்த்து விரலால் கோதினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டியபடி அம்மா எதிரில் நின்றாள்.

"என் வீட்டுலயுமாடி?" என்றாள் அம்மா.

சித்தி சட்டென்று கைகளை இறக்கினாள். "பழகிப்போச்சுக்கா."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல் பிழைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். பட்டறை வாசலில் தினமும் அப்படி நின்று சோதனை கொடுத்தால்தான் சித்தியை வெளியே விடுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வைரத்துக்குச் செய்யும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க, எந்த வேலையை முடித்தாலும் கவுனை உதறிவிட்டு, கைகளை விரித்து அம்மா முன்னால் போய் நின்றேன். அம்மா ஒவ்வொரு தடவையும் என் விரல்களை மடக்கி மூடிவிட்டாள்.