கீழ்வேளூர் வயலில் இரண்டு ரீல்கள்

காலை 5.40. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் வண்டி ஏறினேன். எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். டிக்கெட் எழுபது ரூபாய். மடியில் தூண்டில் கம்பு இரண்டு துண்டாக உறைக்குள் இருந்தது.

"கர்ட்டன் கம்பியா மேடம்?" என்றார் கண்டக்டர்.

"மீன் பிடிக்கிற கம்பு."

"சாருக்கா?"

"எனக்கு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கணக்கு டீச்சர். லூர் எனப்படும் பொய் மீனை வீசித் தூண்டில் போடும் பைத்தியம் பிடித்து ஆறு வருடமாகிறது. போன மாதம் கொள்ளிடக் கழிமுகத்தில் மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கொடுவா மீன் துள்ளியது. என் லூர் இந்தப் பக்கமே விழுந்தது. கூட வந்த கணவரின் நண்பர் ஒருவர், "நாங்க பிடிச்சுத் தரோம், நீங்க குழம்பு வைங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம். அதற்குள், தூண்டில் நூலைத் தூரம் விடும் பெயிட்காஸ்டிங் ரீல் ஒன்று வாங்கியே தீருவது என்றுதான் இந்தப் பயணம்.

9.30. நாகப்பட்டினம் கடைத்தெருவில் தூண்டில் சாமான் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்பின்னிங் ரீலை எடுத்து வைத்தார்.

"லேடீஸுக்கு இது போதும் மேடம்."

"பெயிட்காஸ்டிங் காட்டுங்க."

"அதுக்குக் கட்டைவிரல் பழகணும். உங்களுக்குச் சரிப்படாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றிய உருளை அசையாது. பெயிட்காஸ்டிங்கில் அந்த உருளையே சுழன்று நூலை விடும். லூர் வேகம் குறையும்போது கட்டைவிரலால் உருளையை அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் ஒரு நொடி பிந்தினாலும் உருளை மட்டும் ஓடி, நூல் குருவிக்கூடாகிவிடும். இதைத் தடுக்க ரீலுக்குள்ளேயே பிரேக் உண்டு. பிரேக் கூடினால் சிக்கு விழாது, தூரமும் போகாது.

கடைசியில் இரண்டை எடுத்துவைத்தார். 4,200 ரூபாய் ரீலில் பிரேக் கெட்டி. 6,900 ரூபாய் ரீலில் உருளை ஊதினாலே சுற்றியது. நாலாயிரத்து இருநூறையே என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். வீசிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஐந்து மணிக்குள் ஒன்று திரும்பி வர வேண்டும் என்றார்.

11.00. ஆட்டோவில் கீழ்வேளூர்ப் பக்கம் போனேன். காத்திருப்புச் சேர்த்து 450 ரூபாய். தண்ணீரில் வீசினால் தூரம் கண்ணை ஏமாற்றும், காய்ந்த வயலில் டேப் வைத்து அளக்கலாம் என்பது என் கணக்கு. "பயறு எடுத்தாச்சு, யாரும் கேக்க மாட்டாங்க" என்று ஆட்டோக்காரர் ஒரு வயலைக் காட்டினார். பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டேன். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினேன். டெல்டாவில் பிறந்தவள் செய்கிற காரியமா இது!

ஆறாவது குச்சி நடும்போது வாய்க்காலைத் தாண்டி மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் முதல் குச்சியைப் பிடுங்கினார். பெயர் தனம் என்று பிறகு தெரிந்தது.

"யாரைக் கேட்டு அளக்குற? எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லங்க. தூண்டில் ரீல் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்குறேன்."

"தண்ணியில்லாத வயல்ல மீன் புடிக்கிறியாக்கும்! போன தடவை கேஸ் எடுக்க வந்தவனும் சும்மா மண்ணு பாக்குறேன்னுதான் சொன்னான்."

ஆட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "நான் சும்மா வாடகைக்கு வந்தேங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இது எங்க மூணு மா. ஒரே ஒரு ஏக்கர். என் மாமியார் கூலிக்கு நாத்து நட்ட வயல், இன்னைக்கு என் பேர்ல பட்டா இருக்கு. இதுல ஒரு குச்சி நட விடமாட்டேன். அந்த டேப்பை உள்ள வை" என்றார் தனம்.

என்னைப் பார்த்தால் கம்பெனிக்காரி மாதிரியா இருக்கிறது என்று கோபம் வந்தது. திரும்பி என் சிவப்புக் கொடி வரிசையைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"கேக்காம வந்தது தப்புதாங்க. ஆனா பொய் சொல்லல."

"அப்ப வீசிக் காட்டு."

கொக்கி கழற்றிய லூரை வேகமான ரீலில் கட்டி வீசினேன். விரல் பிந்தியது, பெரிய கூடு. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து இருபது நிமிடம் சிக்கெடுத்தேன். தனம் பக்கத்தில் குந்தி ஒரு நூல் வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காதீங்க, இறுகிடும்" என்றேன்.

டேப் கூடாது, குச்சி கூடாது. எப்படி அளப்பது? "நான் போயி நிக்கிறேன், என்னைத் தாண்டுதான்னு பாப்போம்" என்று தனம் எழுந்தார். நேராக நிற்காமல் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஐம்பது தப்படி எண்ணிப் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

கெட்டிப் பிரேக் ரீல் நாலு வீச்சிலும் நாற்பது தப்படி போனது, சிக்கே இல்லை. வேகமான ரீலில் இன்னொரு கூடு விழுந்தது. எடுத்துவிட்டு, கண்ணை லூரிலும் கட்டைவிரலை உருளையிலும் வைத்து வீசினேன். நூல் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

"தாண்டிருச்சு!" என்று கத்தினார் தனம். தப்படி வைத்து எண்ணினார். அறுபத்திரண்டு.

2.15. கிளம்பும்போது தனம் டேப்பைப் பத்திரமாக என் பையில் வைத்தார். சிவப்புத் துணிகளை மட்டும் தரவில்லை. அடுப்பில் போடப்போவதாகச் சொன்னார். நானும் கேட்கவில்லை.

4.40. கடைக்காரர் வேகமான ரீலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். மற்றதை அவர் கையில் வைத்தேன்.

"சொன்னாக் கேளுங்க மேடம், சிக்கு விழும்."

"விழட்டும். எடுக்கத் தெரியும்."

மாலை 5.30. தஞ்சாவூர் வண்டியில் கட்டைவிரல் தோலுரிந்து எரிந்தது. முன்பு எங்கள் அப்பாவின் வயலில் புதுச்சாலைக்கு அளக்க வந்து இதே போல் சிவப்புத் துணி கட்டினார்கள். வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், எதிர்த்துக் கேட்பது நமக்குச் சரிப்படாது என்று அண்ணன் சொன்னான். நானும் தலையாட்டிவிட்டு, அளக்க வந்தவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தனத்துக்கு இருப்பது மூணு மா. சாலை வரும்வரை எங்களுக்கு ஒன்பது மா இருந்தது.