பெத்திராஜுவின் குளத்தில் ஐந்து புள்ளி இரண்டு

கோதாவரிக் கால்வாய்ப் பக்கம் இறால் வளர்க்கிற எல்லோருக்கும் பயம் உண்டு. பெத்திராஜுவுக்கு அது உடம்பிலேயே ஊறிப்போனது. மேகம் கூடினால் அவனுக்குச் சோறு இறங்காது. தவளைச் சத்தம் நின்றால் எழுந்து உட்காருவான். போன வருஷம் ஒரு விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அவன் குளத்து இறால் முழுக்கச் செத்து மிதந்தது. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தூங்குவதே திருட்டுத்தனம் போல ஆகிவிட்டது அவனுக்கு.

பிறகு அவன் மச்சினன், தன் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பம்ப் கொட்டகையில் வைத்தான். குளத்துக்குள் அளவு பார்க்கிற ஒரு மீட்டர், அங்கிருந்து வயர். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் எண் வரும். நாலுக்குக் கீழே இறங்கினால் சங்கு ஊதும், தண்ணீரை அடிக்கிற சக்கரங்கள் தானாகச் சுற்றும். பெத்திராஜு மறுபடி தூங்க ஆரம்பித்தான். அவன் மனைவி மங்கதாயாரு அந்தப் பெட்டிக்குத் தினமும் குங்குமம் வைத்து ஊதுவத்தி ஏற்றினாள்.

நான் ஏசுபாதம், டீசல் எஞ்சின் மெக்கானிக். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பெத்திராஜு பழக்கத்தில் என்னை ‘பாவா’, மச்சான், என்று கூப்பிடுவான். புயல் சின்னம் வந்து சூரியனே தெரியாத ஒரு வாரத்தில், காலையில் பெத்திராஜு போன் செய்தான்.

“பாவா, பெட்டி மறுபடி செல மாதிரி நின்னுடுச்சு. நேத்தெல்லாம் அணைச்சுப் போட்டா ஓடுச்சு, திரும்ப நின்னுச்சு. இந்த மழை புடிச்சதுலேந்து இதே ரோதனை. கொஞ்சம் வந்து பாரு.”

“ஏன்டா, நான் லாரி எஞ்சின் பிரிக்கிறவன். அதுக்கு நான் என்ன வைத்தியம் பாக்குறது?”

“கிண்டல் பண்ணாம வா பாவா. இன்னிக்கு அதத் தொடவே பயமா இருக்கு.”

போனேன். திரையில் 5.2 என்று இருந்தது. மவுஸை நகர்த்தினாலும் அம்புக்குறி அசையவில்லை.

“அஞ்சு புள்ளி ரெண்டு. நல்லாத்தானடா இருக்கு, எதுக்கு எழவு வீட்டு மூஞ்சி?”

“காலைல எழுந்ததுலேந்து அதே அஞ்சு புள்ளி ரெண்டுதான்.”

திரையின் மூலையில் மணி காட்டுகிற இடத்தைப் பார்த்தேன். இரண்டே கால். என் கைக்கடிகாரத்தில் ஏழாகப் போகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நடுராத்திரி எண். அதற்குப் பிறகு தண்ணீர் என்ன ஆனதென்று ஒருவருக்கும் தெரியாது. பெட்டி நின்றதால் சங்கும் ஊதவில்லை, சக்கரமும் சுற்றவில்லை.

விரலால் அந்த இடத்தைக் காட்டினேன். பெத்திராஜு செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

கரையோரமெல்லாம் இறால். மீசையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தன. கையில் எடுத்தால் துள்ளவில்லை. நான் சுவிட்சைத் தட்டிச் சக்கரங்களை ஓடவிட்டேன். தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. பெத்திராஜு இடுப்பளவு தண்ணீரில் நின்றான், கையில் போன்.

வலைக்காரர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா? ஆக்சிஜன் ஏறவில்லையென்றால், உயிரோடு இருக்கும்போதே வலை போட்டுப் பாதி வளர்ந்த இறாலை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். ஏறுகிறதென்றால், வலை போடுவது தன் கையாலேயே குளத்தை அழிப்பது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எண்தான் சொல்ல வேண்டும்.

“பாவா, அத ஓட வை! உன் கால்ல விழுறேன், எப்படியாவது ஓட வை!”

கொட்டகைக்கு ஓடினேன். மங்கதாயாரு தன் தம்பிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். “உள்ள நீளமா ஒரு பச்சை அட்டை இருக்கும். கழட்டி ரப்பரால தேய்ச்சு மாட்டுங்க” என்றான் அவன். பெட்டியை அணைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். கோயில் மாதிரி மணந்தது. பிள்ளையின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் வந்தது. தேய்த்து மாட்டியதும் ஓடியது. எண் வருவதற்குள் மறுபடி நின்றது.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க அண்ணய்யா” என்று அழுதாள் மங்கதாயாரு.

“சும்மா இருங்க வதினா” என்றேன். அண்ணி என்றுதான் அவளைக் கூப்பிடுவது வழக்கம்.

பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே கையை விட்டேன். சுரீரென்று சுட்டது. குனிந்து பார்த்தால் சின்ன ஃபேன் ஒன்று, இறக்கையெல்லாம் சாம்பல் அப்பி, பிசுபிசுவென்று இறுகிக் கிடந்தது.

“ஊதுவத்தி எங்க குத்துவீங்க வதினா?”

கழற்றி வைத்த தகட்டின் துளைகளைக் காட்டினாள். “இங்கதான். நட்டமா நிக்கும். புகை அப்படியே உள்ள போகும். சாமி ஏத்துக்குதுன்னு நெனச்சேன்.”

“இந்த மழையிலயுமா?”

“நின்னு நின்னு போகுதேன்னு பயத்துல கட்டுக்கட்டா ஏத்துனேன்.” சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

திட்டுவதற்கு நேரமில்லை, மனசும் வரவில்லை. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் எந்த எஞ்சினும் நிற்கத்தான் செய்யும். பழைய பல் பிரஷால் சுரண்டினேன். வாயால் ஊதினேன், சாம்பல் கண்ணெல்லாம் விழுந்தது. விரலால் தள்ளித் தள்ளி ஃபேனை இளக்கினேன். குளத்திலிருந்து பெத்திராஜு கத்திக்கொண்டே இருந்தான். “கூப்பிடவா? பாவா, வலைக்காரனக் கூப்பிடவா?”

மின்சாரத்தைப் போட்டேன். ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. திரை வந்தது.

“ரெண்டு புள்ளி நாலு!” மங்கதாயாரு வாசலுக்கு ஓடிக் கத்தினாள்.

“எண்ணு கெடக்கட்டும்டீ! மணி ஓடுதா, அதப் பாரு!” என்று பெத்திராஜு தண்ணீரிலிருந்து கத்தினான்.

திரும்ப ஓடிவந்து மூலையை உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிமிஷம் மாறியது.

“ஓடுது! ஓடுதுய்யா!”

அவன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றான். எண் அவசரப்படவில்லை. இரண்டு புள்ளி ஐந்து. திரும்ப இரண்டு புள்ளி நாலு. பிறகு இரண்டு புள்ளி ஆறு. ஒவ்வொன்றையும் அவள் கத்த, ஒவ்வொரு தடவையும் அவன் மணியைக் கேட்டான். மூன்று என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தக் கை, யாரையும் கூப்பிடாமல், மெல்லக் கீழே இறங்கியது.