சஷ்டி விரதத்தில் பூனைக்குச் சளி

முருகன் அடியார்களே, பஜனையில் நீங்கள் பெரிய பெரிய அனுக்கிரகங்களைச் சொல்கிறீர்கள். புயலில் கப்பல் தப்பியது, காலரா கண்டு பிழைத்தது என்று. என்னுடையது ஒரு பூனைக்கு மூக்கு ஒழுகிய சங்கதி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1926 ஐப்பசி. இங்கே பர்மாவில், கெமண்டைனில் எங்கள் மரவீடு. என் வீட்டுக்காரர் விடியும்போதே அலோன் அரிசி மில்லுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எனக்கோ பர்மா பாஷை வராது. பகலெல்லாம் என் பேச்சுக்குப் பதில் குரல் கொடுத்த ஒரே ஜீவன் எங்கள் பூனை பவுனு.

கந்த சஷ்டி விரதம் தொடங்கிய அன்று அது தும்மியது. பிறகு மூக்கில் தண்ணீராய் ஒழுகி, மூக்கே அடைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பீளை கட்டிக் கண் ஒட்டிக்கொண்டது. நெய் விட்ட பால்சோற்றை முன்னால் வைத்தால் என்ன என்றே தெரியாததுபோல் படுத்திருந்தது. தூக்கினால் பஞ்சாக இருந்தது. செத்துப்போய்விடும் என்றே நினைத்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்குச் செய்கிற வைத்தியம். திருநீறு பூசினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டேன். ஜன்னலைச் சாத்த வேறு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு மா மியா நாப்பி வறுக்கிற வேளை அது. மீனை உப்பில் ஊறவைத்து இடிக்கிற அந்த விழுதின் வாடை தெருக்கோடி வரை போகும். எங்களுடையது சைவ வீடு, விரத நாள் வேறு.

புகையில் பவுனுக்கு மூச்சு இன்னும் இழுத்தது. அழுதுகொண்டே வேலின் முன்னால் உட்கார்ந்தேன். "முருகா, இந்தச் சஷ்டியில் பிள்ளை வரம் கேட்கத்தான் விரதம் இருந்தேன். அது இருக்கட்டும். இந்த ஜீவன் ஒரு வாய் சாப்பிட வேண்டும்."

புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். நாப்பி வாடை குபீரென்று உள்ளே வந்தது. பவுனு தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. நெய் வாசம் ஏறாத அந்த மூக்கில் இது ஏறிவிட்டது! ஜன்னல் பக்கம் பார்த்து மெல்லக் கத்தியது.

"ஏம்ப்பா, உனக்கு வேற வழியே கெடைக்கலையா?" என்று முருகனிடம் வாய்விட்டே கேட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். "விரத வீட்டுல நாப்பியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"கேட்டது நானுங்க, குடுக்கிறது அவன். வேணாங்கிறதுக்கு நாம யாரு?"

அவர் பூனையைப் பார்த்தார், வேலின் பக்கம் பார்த்தார். போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கழுவிக்கொண்டு வந்தார். "சமையல் பாத்திரத்துல மட்டும் வாங்காத."

மா மியா சந்தையில் மீன் விற்பவள், கொஞ்சம் தமிழ் பேசுவாள். கொட்டாங்கச்சியோடு என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "எப்பவும் ஜன்னல் மூடுற அக்கா நாப்பி கேக்குது!" பூனை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. மீன் வேகவைத்த சுடுதண்ணீரில் சோற்றைக் குழைத்து, நாப்பியில் ஒரு துளி கலந்தாள். "உப்பு. நிறைய போடாத அக்கா."

வெந்நீரில் துணியை நனைத்துப் பவுனின் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிட்டுக் கொட்டாங்கச்சியை முன்னால் வைத்தேன். மோந்தது. நக்கியது. ஒரு வாய் தின்றது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பிராணிப் புகை என்றார். சூரசம்ஹாரத்தன்று பவுனு தன் முகத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டது.

மா மியா இப்போது தினமும் வருகிறாள். எனக்குப் பர்மா பாஷை கற்றுத் தருகிறாள், நான் தப்பாகச் சொன்னால் ஊரைக் கூட்டிச் சிரிக்கிறாள். இந்த ஊரில் எனக்கும் ஒரு சிநேகிதி இருக்கிறாள்.

பிள்ளை வரம் என்ன ஆயிற்று என்று உங்கள் முகங்கள் கேட்கின்றன. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவன் காதில் விழுமோ விழாதோ என்று அழுவதில்லை. ஒரு பூனையின் ஒரு வாய்ச் சோற்றுக்குக் காது கொடுத்தவன் அவன். உங்கள் குறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வெட்கப்படாமல் அவனிடம் சொல்லுங்கள்.