ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்

பள்ளிச் சீருடையைப் போல ஹெல்மெட்டையும் வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கப் போன புத்திசாலி நான். கல்வராயன் மலைக்கு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரப்போகும் பதினான்கு வயது மகளோடு, கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கழுத்தில் தையற்காரர் மாதிரி டேப். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் தலையையே பார்த்தார். மகளின் தலையை அளந்து, சின்னதை எடுத்து மாட்டினார். தேங்கிய சரக்கை நம்மிடம் தள்ளுகிறாரோ?

“கன்னத்த அழுத்துதுப்பா,” என்றாள் மகள்.

“பாத்தீங்களா? பெருசா குடுங்க.”

கடைக்காரர் பெரியதை மாட்டி, வாரைப் பூட்டி, பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கினார். கையோடு கழன்று வந்தது. சின்னதை மாட்டித் தூக்கினார், அசையவில்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. “அடுத்த வருஷம் இவ தலை வளந்துடுமேங்க?”

“அதுவரைக்கும் வுழாம ஓட்டுவீங்களா?”