பருத்திக்கொட்டைப் போர்வை

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவன் பேனா பிடித்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராது. காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கமில்லாமல் வந்து மிஷின் முன்னால் கண்ணயர்ந்த ஒருவருக்கு விரல் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வேறு. என் மகள் நெஞ்சில் ஏறிப் படுத்தால் மட்டும் அந்தப் பாரத்தில் கண் சொருகும். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததும் அதுவும் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை நாலு மடிப்பாகப் போட்டு, கட்டம் கட்டமாகத் தைத்து, உள்ளே பருத்திக்கொட்டையை நிரப்பினாள். கொட்டை, எருமை வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கியது.

“ஏட்டி, எருமைக்கு வைக்கிறத உன் வீட்டுக்காரருக்கு வைக்கப் போறியாக்கும்?” என்று கேட்டார் அக்கா.

“அவிய தூங்குனாப் போதும்க்கா. பாலா கறக்கப் போறேன்?” என்றாள் இவள்.

நல்ல கனம். போர்த்தினால் மகளே வந்து படுத்ததுபோல் இருந்தது. பகலெல்லாம் தூங்கினேன். கொஞ்ச நாளில் போர்வையின் ஓரத்தை எலி கடித்தது. மனைவி ஒட்டுப் போட்டாள். திரும்பவும் கடித்தது. எலிதானே என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் மத்தியானம் கால்பக்கம் சரசரவென்று கேட்டு விழித்தேன். எலி என்று நினைத்து உதறி எழப் பார்த்தேன். போர்வையின் கனத்தில் சட்டென்று எழ முடியவில்லை. தலையை மட்டும் தூக்கினேன். என் முழங்காலுக்கு மேல் நல்ல பாம்பு படமெடுத்து நின்றது. அது ஏறி வந்த பாரம்கூட எனக்குத் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அசையாதீங்க.” உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது. மத்தியானச் சோற்றுக்கு மகள் ஓடி வருவாள். வந்ததும் என் மேல் விழுவது அவள் வழக்கம். கத்தினால் பாம்பு; கத்தாவிட்டால் பிள்ளை. மனைவி சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போனாள். நான் தனியாகக் கிடந்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. தெருவில் கொலுசுச் சத்தம் நெருங்கியது. “அப்பா” என்ற குரல் பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று தெரியாமல் கிடந்த அந்த நேரம் யாருக்கும் வரக் கூடாது.

படம் மெல்லத் தணிந்தது. பாம்பு என் பாதங்களைத் தாண்டி இறங்கி, அடுப்படி வழியாகப் பின்வாசலில் வெளியேறியது.

வாசலில் அக்கா என் மகளை இடுப்போடு இறுக்கி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி என் மனைவி. அக்காவின் உள்ளங்கையில் பிள்ளையின் பல் பதிந்திருந்தது.

“தீவனத்தைப் போத்திப் படுத்தா எலி வராம என்ன செய்யும்? எலி வந்தா பின்னாலயே அவரும் வாராரு” என்றார். சிரிக்கத்தான் சொன்னார், பிள்ளையை மட்டும் இன்னும் கீழே விடவில்லை.

பாம்பை வரவழைத்த போர்வைதான் என்னை எழவிடாமல் அமுக்கிக் காப்பாற்றவும் செய்தது. ஆனாலும் இன்றுவரை எதைப் போர்த்தினாலும் கால்பக்கம் ஒருமுறை பார்க்காமல் நான் கண் மூடியதில்லை.

மறுநாள் மனைவி தையலைப் பிரித்தாள். கொட்டையை அக்கா ஊறவைத்து ஆட்டி எருமைக்கு வைத்தார். நான் தூங்காமலே இரவு ஷிப்ட்டுக்குப் போனேன்.